சூரமங்கலத்து வைத்தியம்

சரவணமுத்து டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் பரமத்தி வேலூருக்கு வந்து இறங்கியபோது, நல்லம்மாள் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் ஈரச் சாக்கை விரித்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆடி வெள்ளம் கொடிக்காலைத் துடைத்துக்கொண்டு போனபிறகு, புதிதாக வைத்த கொடியில் கிள்ளிய முதல் இலை அது. இன்னும் முழு அகலம் கொள்ளவில்லை. ஆனாலும் காம்பில் நகம் பட்டதும் கிளம்பும் அந்தக் கார வாசனை வீடு முழுக்க நின்றது. வெகுநாளாக அந்த வாசனை இல்லாமல் கிடந்த வீடு.

வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். குடையை ஊன்றிக்கொண்டு, இடதுகாலைச் சற்று இழுத்தாற்போல் வைத்து ஒருவர் இறங்கினார். முகம் தெரியும் முன்பே நடை தெரிந்துவிட்டது. 'தெரிஞ்சு போச்சாட்டம் இருக்குது. அதக் கேக்கத்தான் வந்திருக்காரு' என்று நினைத்தாள். மடியிலிருந்த வெற்றிலையெல்லாம் தரையில் சரிய எழுந்தாள்.

"வாங்க சாமி, வாங்க! இதென்னுங்க இப்புடி? ஒரு வார்த்தை சொல்லி உட்டிருந்தா நாமக்கல்லுக்கே வண்டி கட்டிட்டு வந்திருப்பாங்களே!"

"சொல்லிவிட்டிருந்தா நீங்க எல்லாரும் பதிலைத் தயாரா வச்சிருப்பீங்கம்மா. அதுக்காகத்தான் சொல்லாம வந்தேன்" என்றார் டாக்டர். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அவள் பயம் அதில் இன்னும் கூடிற்று.

உள்ளேயிருந்து மாமியார் சென்னியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஆரு அம்மிணி அது?"

"சேலத்து டாக்டருங்க. அவியளுக்கு வைத்தியம் பாத்தவிய."

"அடேயப்பா! எம்பையனுக்குச் சத்தத்தக் குடுத்த சாமி!" கிழவி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். அதைப் பார்த்ததும் டாக்டருடைய முகம் ஏனோ சுருங்கிற்று.

நீர்மோர் குடித்த பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். சென்னையில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடக்கப்போகிறது. பேசியே நோயைத் தீர்க்கும் அவருடைய வைத்தியத்தைப் பற்றி அங்கே வந்து சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். அவர் சொல்வதைக் கேட்டு இன்னும் நாலு ஊரில் நாலு டாக்டர்கள் இதையே செய்யத் தொடங்கலாம்.

"நல்லா ஆனவங்கன்னு நான் நினைக்கிறவங்க எல்லாம் என் வாசலைத் தாண்டினதோட சரி. அப்புறம் எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. அதனால ஊர் ஊராப் போய்க் கேக்கறேன். ரெண்டே கேள்வி. குணமாச்சா? ஆச்சுன்னா அது என்னாலதானா?"

முதல் கேள்விக்கு நல்லம்மாளிடம் பதில் இருந்தது. இரண்டாவதைக் கேட்டதும் சரிந்த வெற்றிலையைப் பொறுக்கும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

*

இருபத்து நாலாம் வருஷம் ஆடியில் காவிரி வந்த வரவைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் எந்த வெள்ளத்தையும் வெள்ளம் என்று சொன்னதில்லை. ராஜவாய்க்கால் எது, ஆறு எது, கரும்பு எது என்று தெரியாமல் ஒரே செந்தண்ணீர். நல்லம்மாளின் புருஷன் தங்கசாமி, கொடிக்கால் சாளைக் குடிசையில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். பரிசல்காரன் சென்றாயன் தன் பரிசலைப் போட்டுக்கொண்டு அவனைக் கூப்பிடப் போனான். அவனை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பரிசல் சுழலில் கவிழ்ந்தது. இருவரும் ஒரு மருதமரத்தைப் பிடித்து ஏறி, தண்ணீர் வடிகிற வரைக்கும் அதன் கிளையிலேயே கிடந்தார்கள்.

இறக்கிக் கொண்டுவந்து போட்டபோது உடம்பில் பெரிய காயம் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் வாய் திறந்தால் காற்றுத்தான் வந்தது. குரல் இல்லை.

தங்கசாமியின் குரல் ஊருக்குத் தெரிந்த குரல். வெற்றிலை மண்டியில் அவன் விலை கூவினால் அடுத்த தெருவில் கேட்கும். மாட்டை அதட்டினால் பக்கத்துக் காட்டு மாடும் நிற்கும். அப்படிப்பட்டவன் விரலைச் சொடுக்கித் தண்ணீர் கேட்டபோது நல்லம்மாள் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

சென்னியம்மாள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி வேண்டிக்கொண்டாள். வைத்தியர் திப்பிலியும் ஆடாதோடையும் தேனில் குழைத்துக் கொடுத்தார். அக்கரையிலிருந்து வந்த மந்திரவாதி, மருதமரத்து முனி பிடித்திருக்கிறது என்று வேப்பிலையால் அடித்தான். தங்கசாமி எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லவும் குரல் வேண்டுமே.

புரட்டாசியில் சென்றாயனுக்குக் குரல் வந்துவிட்டது. அவனுக்கு யாரும் ஒரு வைத்தியமும் செய்யவில்லை. அவனுடைய கன்றுக்குட்டி கட்டுத்தறியில் அவன் பாதத்தை மிதித்தது. அவன் அதன் தாய், தாய்வழி, விற்றவன், வாங்கியவன் எல்லாரையும் சேர்த்து ஒரு வசவு வைதான். அவன் பெண்டாட்டி மாரியாயி அந்த வசவைக் கேட்டு ஓடிவந்து கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரே சிரித்தது. "பாத்தியா, தன்னால வந்துருச்சு. எம்பையனுக்கும் வரும்" என்றாள் சென்னியம்மாள்.

வரவில்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. வண்டல் மூடிய கொடிக்காலை வெட்டிச் சீராக்கும் வேலையில் அவன் பேய்போல் உழைத்தான். ஆனால் பொழுது சாய்ந்ததும் ஆற்றுப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிடுவான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஒருநாள் அவன் ஆற்றை நோக்கி எழுந்து நடந்ததை நல்லம்மாள் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இவர்கள் வீட்டில் இலை வாங்கும் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவர்தான் சரவணமுத்து டாக்டரைப் பற்றிச் சொன்னார். அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஜெர்மன் சண்டைக் காலத்தில் கடல் கடந்து பஸ்ராவுக்குப் போய்ப் பட்டாளத்து ஆட்களுக்கு வைத்தியம் பார்த்தவர். குண்டுச் சத்தத்தில் வாயடைத்துப் போனவர்களைப் பேசவைத்தவர். இப்போது சேலத்துச் சூரமங்கலத்தில் இருக்கிறார்.

"மருந்து குடுப்பாருங்களா?" என்று கேட்டாள் நல்லம்மாள்.

"மருந்தெல்லாம் இல்லையாம்மா. சும்மா நாயம் பேசுவாராம்."

"ஊமையாக் கெடக்கறவங்கிட்ட நாயம் பேசறதுக்குச் சேலம் போவோணுமாக்கும்!" என்றாள் சென்னியம்மாள். ஆனால் நல்லம்மாள் விடவில்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பிடித்த ஒரே பிடிவாதம் அதுதான். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, தை கழிந்ததும் நாமக்கல்லுக்கு வண்டியிலும் அங்கிருந்து மோட்டார் பஸ்ஸிலும் சேலம் போனார்கள்.

*

தினமும் சாயங்காலம் வரவேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயில்வே கார்டு ஒருவருடைய வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரம்மா கமலவேணி நல்ல மாதிரி. அறையில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் தண்டவாளம்.

முதல் நாள் நல்லம்மாளுக்குக் கை ஓடவில்லை. வேலூரில் அவள் உலை வைத்தால் அது பத்து வாய்க்கு. இங்கே இரண்டு வாய்க்கு எவ்வளவு அரிசி போடுவது என்றே தெரியவில்லை. குழைந்து பொங்கி வழிந்தது. மூன்று செங்கல் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு குண்டா. கூட்டிப் பெருக்க நாலு அடி இடம். பொழுது விடிந்தால் மாடு கறக்க வேண்டாம், இலை அடுக்க வேண்டாம், யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச வேண்டாம். இத்தனை வருஷத்தில் அவளும் புருஷனும் பகல் வெளிச்சத்தில் எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை. அவன் ஆசாரத்தில் இருந்தால் அவள் அடுப்படியில் இருப்பாள். 'சோறு போடட்டுங்களா', 'மாடு வந்துருச்சுங்க' என்பதைத் தவிர அவனிடம் என்ன பேசியிருக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவனால் பேச முடியாது. அதனால் அவள் பேசினாள். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. அப்புறம் வாய் நிற்கவில்லை. தான் பிறந்த ஊர்க் கிணற்றில் விழுந்த வெள்ளாட்டைப் பற்றி, அம்மை வந்து செத்துப்போன தன் அக்காளைப் பற்றி, பெண் பார்க்க வந்தபோது அவனை அவன் சித்தப்பா என்று தான் நினைத்துக்கொண்டதைப் பற்றியெல்லாம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். சில சமயம் தோள் குலுங்கும். சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கரியும் நீராவியுமாக ரயில் கடந்து போகும்போது பேச்சை நிறுத்திக்கொள்வாள். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். வெந்த களியும் கீரைக் கடைசலும் அந்த அறையில் இருந்த ருசி அதற்கப்புறம் வேலூரில் ஒருநாளும் வரவில்லை.

சாயங்காலம் தலை சீவி, பூ வைத்துக்கொண்டு அவனோடு டாக்டர் வீட்டுக்கு நடப்பாள். ஊரில் புருஷனுக்கு ஏழடி பின்னால் நடந்து பழகியவள் இங்கே பக்கத்தில் நடந்தாள். பார்க்கத்தான் தெரிந்த ஜனம் யாரும் இல்லையே.

டாக்டர் அவனை உள்ளே பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, பஸ்ரா கதை சொல்வார். "இது தொண்டை நோயில்ல. இருமிப் பாரு, சத்தம் வருது பாத்தியா? குரல் எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு" என்பார். வெளியே படியில் உட்கார்ந்திருக்கும் நல்லம்மாளுக்கு எல்லாம் கேட்கும்.

ஒருநாள் காலை அவள் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ம முகூர்த்தத்தன்னைக்குப் பேஞ்ச மழைல பந்தல் ஒழுகி, எங்கய்யன் தலைல சாக்கப் போட்டுக்கிட்டு..."

"அன்னைக்கில்ல. மறுநாளு" என்றான் தங்கசாமி.

கரகரவென்று, வேறு யாரோ பேசியது மாதிரி இருந்தது. நல்லம்மாள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தால் பறந்துவிடும் என்று பயந்தாள். அடுப்பைப் பார்த்தபடியே, "மறுநாளா? முகூர்த்தத்தன்னைக்குத்தானுங்க" என்றாள்.

"மறுநாளுதான். முகூர்த்தத்துக்கு நல்ல வெயிலு. எனக்கு வேத்து ஊத்துச்சு."

அதற்குமேல் அவளால் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியில் அவன் மெதுவாகக் கேட்டான். "இப்பச் சொன்னா ஊட்டுக்குப் போவச் சொல்லீருவாரு, இல்ல?"

"ஆமாங்க."

"இன்னுங் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போலாமே."

அவன் டாக்டரிடம் ஊமையாகவே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் பேசினான். கமலவேணி அம்மாளுக்குக் கேட்காமல் தாழ்ந்த குரலில் தங்கசாமி பேசப் பேச, அவனுக்கு அப்படியும் பேசத் தெரியும் என்பதை நல்லம்மாள் அங்கேதான் தெரிந்துகொண்டாள். இலை விலை கூவுகிற குரலுக்குள் அப்படி ஒரு குரல் இருந்திருக்கிறது.

பிறகு ஒரு சாயங்காலம், டாக்டர் இருமச் சொன்னபோது, இருமலோடு சேர்த்து "அம்மா" என்றான். டாக்டர் எழுந்து வந்து அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் நின்றதைப் படியிலிருந்து பார்த்தபோதுதான் நல்லம்மாளுக்கு உறுத்தியது.

*

மத்தியானச் சோற்றுக்குத் தங்கசாமி காட்டு வேலையிலிருந்து வந்தான். டாக்டரைப் பார்த்ததும் அவன் முகத்தில் சந்தோஷமும் கூடவே ஒரு கலக்கமும் வந்ததை நல்லம்மாள் கண்டாள். மாட்டுக்கு அகத்தித் தழைச் சுமை கொண்டுவந்த சென்றாயனையும், யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, டாக்டர் உட்காரச் சொன்னார். இன்னொருத்தனுக்கும் அதேபோல் ஆயிற்று என்று தங்கசாமி சூரமங்கலத்தில் சொன்னதை அவர் மறக்கவில்லை. சென்றாயன் வாசற்படிக்கு வெளியே, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறும், நெய்யும், கத்திரிக்காய் வதக்கலும், கெட்டித் தயிரும் போட்டாள். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவராகக் கேட்டார்.

"ஆத்தா, நீங்க சொல்லுங்க. எதனால குணமாச்சு?"

"உங்களாலதானுங்க! மாரியாத்தாளுக்குச் சட்டியெடுக்கறன்னு நான் வேண்டி, அவளே உங்ககிட்ட அனுப்பி வச்சா."

"அப்ப மாரியாத்தா குணப்படுத்தினாளா, நானா?"

"அதென்னுங்க சாமி, ரெண்டும் ஒண்ணுதானுங்களே!"

டாக்டர் சென்றாயன் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிப்பா வந்துச்சு?"

"கன்னுக்குட்டி மிதிச்சுதுங்க" என்றான் சென்றாயன். எல்லாரும் சிரித்தார்கள்.

"இப்ப நல்லா இருக்கியா?"

"நல்லாருக்கறனுங்க."

"பரிசல் போடறியா?"

"அது வெள்ளத்தோட போச்சுங்க. இப்பக் கூலி வேலைதானுங்க."

டாக்டர் சோற்றைப் பிசைந்தார். "பஸ்ராவுல இதே மாதிரிதான். நான் உக்காந்து பேசினவங்கள்ல பாதிப் பேருக்குக் குணமாச்சு. எனக்குப் பெருமை தாங்கல. அப்புறம் ஒருநாள், பேசறதுக்கு நேரமில்லாம விட்டவங்களையும் போய்ப் பாத்தேன். அவங்கள்லயும் ஏறக்குறையப் பாதிப் பேரு எந்திரிச்சு நடமாடிக்கிட்டிருந்தாங்க."

"பொறவு எதுக்குங்க பேசறீங்க?" என்று கேட்டான் சென்றாயன். துடுக்காக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"அதைத்தானேப்பா எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு அலையறேன்." டாக்டர் தங்கசாமியைப் பார்த்தார். "உங்க விஷயத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. அத்தனை மாசம் வராத குரல் என் கண்ணு முன்னால, நான் சொன்ன மாதிரி செஞ்சப்ப வந்துது. சென்னையில முதல்ல உங்களைப் பத்தித்தான் சொல்லப்போறேன்."

தங்கசாமி இலையைப் பார்த்துக் குனிந்தான். "ஆமாங்க" என்றான்.

அந்த ஒரு 'ஆமாங்க' நல்லம்மாளுக்குத் தாங்கவில்லை. தயிர்க் கலயத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லீங்க சாமி" என்றாள். "அன்னைக்கு வரலீங்க. அதுக்கு முன்னாலயே வந்துருச்சுங்க. அந்த அறைல. எங்கிட்டத்தான் மொதல்ல பேசுனாங்க."

"புள்ள..." என்றான் தங்கசாமி.

"சொல்லீரட்டுங்க. நம்மளப் பாத்து நாலு டாக்டருங்க நாலு பேருக்கு வைத்தியம் பண்ணுவாங்க. கல்யாணத்தன்னைக்கு மழ பேஞ்சுதுன்னு நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. அன்னைக்கில்ல மறுநாளுன்னு சொன்னாங்க. அதான் மொத வார்த்தை."

"அப்ப ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

நல்லம்மாளின் முகம் சிவந்துவிட்டது. மாமியார் இருக்கிறாள், வெளியாள் இருக்கிறான். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. "சொன்னா ஊருக்குப் போவச் சொல்லீருவீங்கன்னுதானுங்க."

சென்னியம்மாள் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். சூரமங்கலத்தில் தன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்ட மனுஷன் இப்போது என்ன சொல்வாரோ என்று தங்கசாமிக்கு வேர்த்தது. டாக்டர் முதலில் மெல்லத்தான் சிரித்தார். அப்புறம் புரையேறி இருமும் அளவுக்குச் சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார். "அப்ப நான் செஞ்சது ஒண்ணுமில்ல."

"அப்புடிச் சொல்லாதீங்க" என்றான் தங்கசாமி. குரல் திடீரென்று உரத்து வந்தது. "சத்தம் இவளால வந்துச்சோ, தன்னால வந்துச்சோ, அது எனக்குந் தெரியாதுங்க. சத்தம் வந்த பொறவும் இன்னுங் கொஞ்ச நாளு இருக்கச் சொல்லி நீங்க என்னையப் பேசச் சொன்னீங்களே, அந்த மரத்துல என்ன நடந்துச்சுன்னு. அத இவகிட்டக்கூட நான் சொல்லலீங்க. அந்த அறைல அத்தன நாயம் பேசியும் சொல்லலீங்க. உங்ககிட்டத்தான் சொன்னேன்."

நல்லம்மாள் அவனைப் பார்த்தாள். வெளிப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாலும், அந்தக் கதை வரும் நாட்களில் டாக்டர் ஜன்னலைச் சாத்திவிடுவார். அவளும் அதைப் பற்றி அவனிடம் கேட்டதில்லை.

"வெடியற நேரங்க" என்று தங்கசாமி தன்பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினான். "ஒரு கூரை மெதந்து வந்துச்சு. மேல ஒரு பொம்பள. மடியில கொழந்தை. எங்களப் பாத்துட்டு அண்ணா, அண்ணான்னு கூப்புட்டா. நாங்க ரெண்டு பேருங் கத்துனோம். கெளையப் புடி, கெளையப் புடின்னு கைய ஆட்டி ஆட்டிக் கத்துனோம். தண்ணி சத்தத்துல அவளுக்குக் கேக்கல. நாங்க அவளப் பாத்துக் கை ஆட்டறம்னு நெனச்சுட்டா. அவளுங் கை ஆட்டுனா. ஆட்டிக்கிட்டே போயிட்டா."

நல்லம்மாளுக்கு, இடுப்பளவு தண்ணீரில் நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்தது நினைவு வந்தது.

"தழை வாடிப் போவுமுங்க" என்று சொல்லிவிட்டுச் சென்றாயன் எழுந்தான். சுமை ஏற்கெனவே மாட்டுக்கு முன்னால் இறக்கியாகிவிட்டது. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவன் வீட்டுக்குக் குறுக்குத் தடம் ஆற்றங்கரை ஓரமாகப் போகும். அவன் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறான் என்பதை நல்லம்மாள் அன்றுதான் கவனித்தாள்.

"மொதல்ல அதச் சொன்னப்ப ஒடம்பெல்லாம் நடுங்குச்சுங்க" என்றான் தங்கசாமி. "நீங்க மறுநாளுஞ் சொல்லச் சொன்னீங்க. எந்திரிச்சு ஓடீரலாம்னு இருந்துச்சு. அதுக்கு முன்னால கண்ண மூடுனா அவ போயிட்டே இருப்பா. சொல்லச் சொல்ல, நாளுக்கு ஒருக்காப் போனா. இப்ப எப்பவாச்சும்."

"அது பேசினதாலயா, நாளானதாலயா?"

"அத நான் எப்புடிங்க சொல்றது? நான் ஒருத்தந்தானுங்களே. உங்ககிட்ட வராத இன்னொரு நானு இருந்தா, அவனைக் கேட்டுப் பாக்கலாம்."

டாக்டர் வாசற்படியைப் பார்த்தார். சென்றாயன் உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கிடந்தது.

மறுநாள் காலை வண்டியேறும்போது நல்லம்மாள் வாழை மட்டையில் கட்டிய புது வெற்றிலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மெட்ராசுல என்ன சொல்லுவீங்க சாமி?"

"தெரியலைன்னு சொல்லுவேன்மா. பாதிதான் தெரியும்னு சொல்லுவேன். நீங்க சொன்னதையும் சேத்துச் சொல்லுவேன்."

"ஐயோ, அத எல்லாஞ் சபைல சொல்லாதீங்க!"

"அதுதான் எங்கிட்ட இருக்கறதுலயே நல்ல மருந்து" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் குடையை வண்டிக்குள் வைத்தார்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பெய்த ஒரு காலையில் மாரியாயி வீட்டுப் பின்புறம், பொடக்காளிப் பக்கமாக வந்து நின்றாள். தலையில் மழைக்குச் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. நல்லம்மாள் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா, அந்த டாக்டரு இருக்கற ஊருக்கு எப்புடிப் போவோணுமுங்க?"

"ஆருக்கு?"

"எங்கூட்டு மனுசனுக்குத்தானுங்க."

"சென்றாயனுக்கு என்ன? நல்லாத்தான பேசறான்?"

"பேசறாருங்க. திங்கறாரு, வேலைக்குப் போறாரு. ஊரே நல்லாப் போச்சுங்குது. ஆனா மழ பேஞ்சா எந்திரிச்சு வாசல்ல நின்னு கைய ஆட்டறாருங்க. ஆருக்குன்னு கேட்டா சும்மாங்கறாரு. போன வருசமும் இப்புடித்தான். சொன்னா கிறுக்குன்னுருவாங்கன்னு நான் வெளிய சொல்லலீங்க. அந்த டாக்டரு வந்துட்டுப் போனதுலருந்து அதும் எச்சாப் போச்சு. நேத்து அவராவே கேட்டாருங்க. உங்கூட்டுப் பண்ணாடி போன எடத்துக்குப் போனா, அங்க சொன்னா, அது நின்னுருமான்னு. நின்னுருங்களா ஆத்தா?"

யாருக்குக் கையை ஆட்டுகிறான் என்று நல்லம்மாளுக்குத் தெரியும். சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அது அவன் சொல்லவேண்டியது என்று தோன்றியது.

"எனக்குத் தெரியாது மாரியாயி" என்றாள். "அந்த டாக்டருக்கே தெரியாது. தெரியாதுன்னு எங்ககிட்டயே சொன்னாரு. ஆனா போங்க."

"அப்ப அவர மட்டும் அனுப்பி வச்சரட்டுங்களா? ஊட்டுல மாடு கன்னு இருக்குதே."

"ஒத்தையில அனுப்பாத! நீயுங் கூடப் போ. மாட்ட நாங்க பாத்துக்கறோம். ரயிலு போற தடத்துக்குக் கிட்ட கமலவேணியம்மான்னு ஒருத்தவிய ஊட்டுல ஒரு அறை இருக்கும். என்ற பேரச் சொல்லு. வெளிய சாப்புடாதீங்க, நீயே ஆக்கிப் போடு. சாயங்காலம் அங்க என்ன பேசுனாருன்னு கேக்காத. உனக்குத் தெரிஞ்ச நாயத்த நீ பேசு."

"என்னத்தப் பேசறதுங்க அவருகிட்ட?"

"ஆரம்பிச்சா வரும்" என்றாள் நல்லம்மாள்.

அவர்கள் போனார்கள். மாசி வரைக்கும் அங்கே இருந்தார்கள். திரும்பி வந்து சென்றாயன் புதுத் தோல் வாங்கிப் பரிசல் கட்டினான். ஆனால் ஆற்றில் செந்தண்ணீர் வந்துவிட்டால் கரையேறிவிடுவான், யார் கூப்பிட்டாலும் போடமாட்டான். கை ஆட்டுவது நின்றுபோயிற்று என்றாள் மாரியாயி. டாக்டரால் என்று அவள் சொன்னாள். காவிரியாத்தாளுக்குக் கோழி அறுத்ததால் என்றான் அவன். இரண்டையும் கேட்டுக்கொண்டு தங்கசாமி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று, அவர்கள் புறப்பட்ட அன்று, மழை விட்டு வெளுப்பாக வெயில் அடித்தது. நாமக்கல் போகும் வெற்றிலை வண்டியில் தங்கசாமி அவர்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தான். நல்லம்மாள் ஒரு மூட்டையில் அரிசியும் பருப்பும் புளியும் கட்டிக் கொடுத்தாள். சென்றாயன் வண்டிக்காரனோடு முன்னால் உட்கார்ந்துகொண்டான். மாரியாயி சட்டி பானையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். அழுத முகம். புருஷனைப் பைத்தியக்காரனைப்போலப் பட்டணத்துக்குக் கொண்டுபோகிறோமே என்ற பயம் அதில் அப்படியே தெரிந்தது. புகை, கரி, தெரியாத ஜனம், என்ன ஆகப்போகிறதோ என்ற கவலை. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டித் திரும்பும் வரை நல்லம்மாள் தடத்திலேயே நின்றாள். வீட்டுக்குள் மாமியார் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஆசாரம் நிறைய இலை அடுக்காமல் கிடந்தது. மத்தியானத்துக்கு உலை வைக்கவேண்டும், பத்துப் பேருக்கு.

இத்தனை வருஷத்தில் யாருடைய நகையையும் நிலத்தையும் பார்த்து அவள் ஏங்கியதில்லை. அன்று மாரியாயி மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.